பார்வதி மதினி ஏற்றச் சொல்லாத டிரக்டர்

அண்ணன் மகன் செல்வத்தின் அழைப்பு வந்தபோது நான் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் மேல், கண்டிக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "சித்தப்பா, விடியக்காலம் அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றான். பாலம் முடிந்ததும் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்து, வத்தேகம பஸ்ஸைப் பிடித்தேன். பென்சன் அலுவலாகக் கொண்டுபோன கடுதாசிகளை எங்கே வைத்தேன் என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை.

பார்வதி மதினி என் மூத்த அண்ணனின் மனைவி. வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இளம் வயதிலேயே கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்து, முதுகில் கூடையோடு ஏறி இறங்கியவர். அவருடைய அப்பா கான் வெட்டுகிறவர். மழைத் தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு போகாதபடி சரிவில் குறுக்காக வெட்டும் வாய்க்காலைத்தான் தோட்டத்தில் கான் என்பார்கள். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நாட்களிலேயே மலையின் நெளிவு சுளிவெல்லாம் மதினிக்குப் பழகிவிட்டது. அண்ணன் காலமானபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தனியாளாக நின்று இரண்டு ஆண்பிள்ளைகளைக் கரை சேர்த்தார்.

நானும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். ஆனால் சிறுவயதிலேயே டவுனுக்கு வந்து, மாநகரசபையில் டிரக்டர் சாரதியாகச் சேர்ந்துவிட்டேன். குப்பை அள்ளும் டிரக்டர்தான். இருந்தாலும் உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற வேலை ஒரு மிடுக்கைக் கொடுத்துவிடுகிறது. குடும்பத்தில் சைக்கிள் வாங்குவதென்றாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். நானும் சளைக்காமல் ஆலோசனை சொல்வேன்.

இழவு வீட்டில், பெட்டியைத் தூக்குவதற்குச் சற்று முன், செல்வம் கூட்டத்தைப் பார்த்துப் பேசினான். அம்மா எதற்கும் அஞ்சாதவர் என்று சொல்லிவிட்டு, குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கதையைச் சொன்னான். காணி வாங்கிய புதிதில், யார் தடுத்தும் கேளாமல், பெரிய டிரக்டரை மலைமேல் ஏற்றச் சொல்லிக் கவிழ்த்த கதை. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் வாய்க்கரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதை பொய். அது பொய் என்று தெரிந்தவர்களில் அங்கே உயிரோடு இருந்தவன் நான் ஒருவன்தான். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

கருமாதி அன்று கொடுக்கும் நினைவு மலருக்கு மதினியைப் பற்றி எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்டார்கள். "டிரக்டர் கதையையும் மறக்காம எழுதுங்க சித்தப்பா" என்றான் செல்வம். அதனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மதினி வேலையிலிருந்து நின்றதும், லயக் காம்பிராவைக் காலி செய்து தரும்படி தோட்டத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன் போக வேண்டும். கையில் வந்த சேவைக்காலப் பணத்தோடு கழுத்தில் கிடந்ததையும் சேர்த்து, கைவிடப்பட்ட தேயிலைக் காணியில் இரண்டு ஏக்கர் வாங்கினார். கீழ்த்துண்டு பாதையோரமாக ஓரளவு தட்டையாக இருந்தது. மேல் துண்டு சரிவு. இரண்டிலும் ஆள் உயரத்துக்கு மானாப் புல். நடுநடுவே வெட்டாமல் மரமாகிப்போன தேயிலைச் செடிகள். இதைத் துப்புரவாக்கி, வீட்டுக்கு இடம் சமப்படுத்தி, மழை இறங்குவதற்குள் தலைக்கு மேலே ஒரு தகரத்தையாவது போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவது என்பது அவருக்கே தெரியாது.

ஒரு லொறியும் ஒரு டிரக்டரும் தேவைப்பட்டன. லொறியை விலைக்கு வாங்கி, வீட்டுச் சாமான் ஏற்றிய பிறகு மரக்கறி ஏற்றி ஓட்டலாம் என்பது மதினியின் எண்ணம். டிரக்டரை வாடகைக்கு எடுத்தால் போதும். திகனயில் நசீர் நானா என்ற வியாபாரி இரண்டையும் வைத்திருந்தார். எனக்குத் தெரிந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியை அழைத்துக்கொண்டு அவருடைய வளவுக்குப் போனேன்.

மதினி ஒரு தும்புக் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். அதில் இரண்டு முடிச்சுகள். எதற்கு என்று கேட்டேன். காணிக்குப் போகும் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. முந்தின நாள் அதை இந்தக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டிருக்கிறார். நான் ஒரு நீட்டு லொறியைக் காட்டி எஞ்சின் எப்படிப் பேசுகிறது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் கயிற்றை அதன் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம வளைவுல திரும்பாது" என்று நகர்ந்துவிட்டார். மூலையில் பெயின்ட் போன ஒரு குட்டை லொறி நின்றது. கயிறு அதற்குச் சரியாக இருந்தது, அதையே விலைக்கு எடுத்தார். நசீர் நானாவின் ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. என்னை நம்பாமல் கயிற்றை நம்புகிறாரே என்ற எரிச்சல்.

டிரக்டரில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே நின்ற நான்கு சக்கர டிரக்டர் அடிக்கட்டைகளை வேரோடு இழுக்கும் வலு உள்ளது. மதினியோ கையால் பிடித்து நடத்துகிற இரண்டு சக்கரத்தானைக் காட்டினார். அதை வைத்துக்கொண்டு வயல் உழலாம், தேயிலைக் கட்டை பிடுங்க முடியாது என்றேன். நசீர் நானாவும் என் பக்கம் பேசினார். மதினி கயிற்றைச் சுருட்டி மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரி, பெருசையே எடுங்க. ஆனா கீழ்த்துண்டுல மட்டுந்தான். மேல் துண்டுல எட்டுக் கான் இருக்கு. நான் நடந்து எண்ணிப் பாத்தேன். மானா மூடிக் கெடக்கு, கண்ணுக்குத் தெரியாது. அங்க ஆள் வச்சு வெட்டிக்கலாம்."

"எனக்குத் தெரியாத மலையா மதினி?"

"டவுனுல ஓட்டுறவங்களுக்கு ரோட்டுக் கான்தான் தெரியும், கொழுந்தனாரே. மேல ஏத்தமாட்டேன்னு சொல்லுங்க."

நசீர் நானாவும் அதையே சொன்னார். வண்டி சரிவில் ஏறக்கூடாது, ஏறினால் பொறுப்பு ஏற்றினவனுக்கு என்றார். நான் தலையாட்டினேன். வாக்குக் கொடுத்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

சுகமில்லை என்று வைத்தியரின் சான்றிதழ் ஒன்றை மாநகரசபையில் கொடுத்துவிட்டு நான்கு நாள் லீவு எடுத்தேன். சுகமில்லாத நான் காணியில் டிரக்டர் ஓட்டினேன். இரண்டு நாளில் கீழ்த்துண்டு வெட்ட வெளியாகிவிட்டது. சங்கிலியைக் கட்டி இழுத்தால் அடிக்கட்டை ஒவ்வொன்றும் மண்ணோடு பெயர்ந்து வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே கிழக்கு மலையில் மேகம் கறுத்து நின்றது. மேல் துண்டில் மதினியின் உறவுக்காரர் இரண்டு பேர் கத்தியால் மானா வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரு கைகளையும் விரித்த நீளத்தைத்தான் பாகம் என்பார்கள். மூன்று நாளாகியும் அப்படிப் பத்துப் பாகம்கூட வெட்டி முடியவில்லை. மழை இறங்கிவிட்டால் எல்லாம் கெட்டது. பத்து மணிக்கு மதினி எங்களுக்குச் சோறு எடுத்துவர லயத்துக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் மேலே பார்த்தேன். சாய்வாக ஒரு ஓட்டு ஓட்டினால் பத்து நாள் வேலை அரை மணியில் முடியும். அவர் வரும்போது மலை மொட்டையாக இருக்கும். குட்டை லொறிக்காகச் சிரித்த சிரிப்புக்கெல்லாம் பதிலாகிவிடும். இதுதான் நான் நினைத்தது. மறைக்க ஒன்றுமில்லை.

முதல் கான் தூர்ந்து போயிருந்தது. டிரக்டர் ஒரு குலுக்கலோடு தாண்டியது. இரண்டாவதும் அப்படியே. எட்டுக் கானாம் என்று நான் வாய்விட்டே சிரித்தேன். மூன்றாவதில் முன் சக்கரங்கள் தாண்டின. மேல்பக்கப் பின் சக்கரமும் தாண்டியது. கீழ்ப்பக்கப் பின் சக்கரம் இறங்கியபோது கானின் கரை பொலபொலவென்று உதிர்ந்தது. டிரக்டர் பள்ளத்துப் பக்கமாகச் சரிந்து, ஒரு பழைய தேயிலைக் கட்டையில் முட்டி நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. நான் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன்.

காலை எடுத்தால் பின்னால் உருளும். எடுக்காவிட்டால் அந்தக் கட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. கீழே பாதை. நான் இருந்த இருக்கையிலிருந்து புல்லைக் காணவில்லை, பாதையின் தார் மட்டுந்தான் தெரிந்தது. வெட்டிக்கொண்டிருந்த இருவரும் ஓடிவந்து, பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். கிட்டே வர அவர்களுக்குப் பயம். கால் நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிற காலால் எவ்வளவு நேரம் மிதிக்க முடியும்?

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, கீழே பாதையில் தலையில் கூடையோடு மதினி வருவது தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கூடையைப் பாதையோரத்தில் இறக்கி வைத்தார். ஓடவில்லை. டிரக்டருக்கு நேர் கீழே வராமல், பக்கமாகச் சுற்றி, செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறி, எனக்கு மேல்பக்கமாக வந்து நின்றார். அவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

"கால எடுக்காதீங்க. கீழ பாக்காதீங்க. என்னயப் பாருங்க" என்றார்.

பிறகு அந்த இருவரையும் ஏவினார். கல் பொறுக்கி மேல்பக்கமிருந்து சக்கரத்துக்குப் பின்னால் உருட்டச் சொன்னார். ஒருவர் கட்டை இழுக்கிற சங்கிலியை எடுத்துக்கொண்டு, மேலே நின்ற பெரிய நிழல் மரத்தை நோக்கிப் போனார். மதினி தடுத்தார். அந்த மரத்துக்கு வேர் மேலாகத்தான் ஓடும், இழுத்தால் மரமும் சேர்ந்து வரும் என்றார். ஆள் மட்டத்துக்கு வளர்ந்து கிடந்த தேயிலைச் செடிகளின் தூரை ஒவ்வொன்றாகக் குனிந்து, மண்ணைக் கிளறிப் பார்த்தார். மூன்று செடிகளைத் தேர்ந்தெடுத்தார். மூன்றின் தூரையும் சேர்த்துச் சங்கிலியைச் சுற்றச் சொன்னார். மறுமுனையை அவரே எடுத்துக்கொண்டு டிரக்டரின் அருகில் வந்தார். பின் அச்சில் மாட்ட, அவர் என் இருக்கைக்குக் கீழே கையை நுழைக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் வண்டி சரிந்திருந்தால் அவருடைய கை போயிருக்கும். முதல் தூற்றல் அப்போதுதான் விழுந்தது. கானின் மண் இன்னும் கொஞ்சம் உதிர்வது எனக்கு இருக்கையிலேயே தெரிந்தது.

"மாட்டியாச்சு. நான் சொன்னதும் மேல்பக்கமாக் குதிங்க. யோசிக்காதீங்க" என்று சொல்லிக் கையை நீட்டினார்.

குதித்தேன். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தபடி புல்லில் விழுந்தேன். டிரக்டர் ஒரு பாகம் பின்னால் வழுக்கியது. சங்கிலி விறைத்து, ஒரு செடி பாதி பிடுங்கிக்கொண்டு வந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை. முன் சக்கரம் திரும்பவும் கானில் விழுந்து, முன் அச்சு முறிகிற சத்தம் கேட்டது. பக்கவாட்டில் கவிழ்ந்து, அங்கேயே நின்றது.

மறுநாள் காலையில் நசீர் நானா வந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேலே போய் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். ஊரில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். கண்டியிலிருந்து செல்வமும் வந்திருந்தான். அப்போது அவன் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றான்.

"ஆரு செல்லி மேல ஏத்தின?" என்றார் நசீர் நானா. "நான் படிச்சுப் படிச்சுச் செல்லினதுதானே. தம்பி, நீங்க சுயமா ஏத்தினா நான் உங்கட சபையில போய்க் கேப்பேன்."

சபையில் கேட்டால் சுகமில்லாதவன் எங்கே டிரக்டர் ஓட்டினான் என்ற கேள்வி வரும். என் வேலை அன்றோடு முடிந்துவிடும். எனக்கு மூன்று பெண் குழந்தைகள், கடைக்குட்டிக்கு இரண்டு மாதம். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை. உண்மையைச் சொல்ல இருந்தேன் என்று நம்ப ஆசைதான்.

"நான்தான் ஏத்தச் சொன்னேன்" என்றார் மதினி. "அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. மழை வந்துருச்சேன்னு நான்தான் புடிச்ச புடியா நின்னேன். அவரைக் கேக்காதீங்க, என்னயக் கேளுங்க."

நசீர் நானா தலையில் கைவைத்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ பொம்பளையை நம்பிக் காணி வேலையில் இறங்கினால் இப்படித்தான் என்றார்கள். செல்வம் தாயை ஏறிட்டுப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை. புல் வெட்டிய இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முந்தின நாளே மதினி அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. ஒருவர் அடுத்த சில வருடங்களில் காலமானார். மற்றவர் வவுனியாப் பக்கம் போய், அங்கேயே முடிந்துபோனார்.

கூட்டம் கலைந்த பிறகு, ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்க வேல போனா நம்ம ரெண்டு குடும்பமும் தெருவுல. எம் பேரு கெட்டா என்ன? நான் என்ன கவர்மெண்டு கச்சேரியிலயா வேல பாக்குறேன்?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

குட்டை லொறி அந்த வளைவை ஒரே திருப்பில் எடுத்தது. கல்லும் மணலும் தகரமும் அதில்தான் ஏறின. அதைவிட ஒரு முழம் நீளமான லொறி எதுவும் அந்த வளைவில் திரும்பியிருக்காது. பெருமழை இறங்குவதற்கு நான்கு நாள் முன் மதினி லயத்தைக் காலி செய்து, புது வீட்டில் பால் காய்ச்சினார். மேல் துண்டை ஆட்கள் கையால் வெட்டி முடித்தார்கள். கான்கள் துப்புரவாகத் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன், எட்டுத்தான் இருந்தன. இரண்டு மாதம் கழித்து டிரக்டரின் பழுதுக்காக அந்த லொறியை விற்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு மதினி மரக்கறி மூட்டையைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டுதான் கட்டுகஸ்தோட்டைக்கு வருவார்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஓரளவு நிம்மதியாக இருந்திருப்பேன். பிள்ளைகள் தலையெடுத்தார்கள். வியாபாரம் நடந்தது. முதலில் ஒரு வான் வாங்கினார்கள், பிறகு ஒரு லொறி, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் செல்வம் என்னிடம் வந்தான். மதினியிடம் யாரும் கேட்கவில்லை. டிரக்டரைக் கவிழ்த்தவருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? காணியில் எங்கே கிணறு தோண்டுவது, எந்தப் பக்கம் மிளகு போடுவது என்பதில்கூட அவருடைய வார்த்தை எடுபடாமல் போயிற்று. ஒருநாள் முற்றத்தில் நின்று, வாங்கப்போகிற ஒரு லொறியைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்கு வந்து, அது எவ்வளவு நீளம் என்று கேட்டார்.

"அம்மா, நீங்க டிரக்டர ஏத்துன ஆளு. பேசாம இருங்க" என்றான் செல்வம்.

எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்துவிட்டு உள்ளே போனார். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த கேவலமான காரியம் மலைமேல் டிரக்டரை ஏற்றியது அல்ல, அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்று சிரித்ததுதான்.

செல்வத்தின் கலியாணத்துக்கு முதல் நாள், இனித் தாங்காது, சொல்லிவிடப்போகிறேன் என்று மதினியிடம் போனேன். அவர் வெற்றிலைக்குப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். "இப்பச் சொன்னா அவன் உங்களையும் மதிக்கமாட்டான், என்னயும் பொய்க்காரிம்பான். விடுங்க" என்றார். நான் விட்டுவிட்டேன். விடச் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

இதை எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்குமுன் செல்வத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. கதிரையில் உட்கார்ந்து வாசித்தான். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். என்ன ஏசினாலும் கேட்டுக்கொள்வது என்று நான் எதிரே நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"போன மாசம் புது லொறி வந்தப்ப, அம்மா எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்தாங்க, சித்தப்பா. என்னமோ கேக்க வந்தாங்க. நான், உள்ள போய்ப் படுங்கம்மான்னு சொல்லிட்டேன்."

தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினான். ஒரு எழுத்தையும் மாற்றவேண்டாம் என்றான்.

மதினி, மேலே ஏற்றியது நான். கானை எண்ணியதும், லொறியை அளந்ததும், எந்தச் செடி தாங்கும் என்று கண்டதும் நீங்கள். இதை இனி வாசிக்கிற எல்லோரும் அறிவார்கள், உங்களைத் தவிர. நல்லபடியாகப் போய் வாருங்கள்.